பதினாறு கிணற்றுத் தண்ணீர்

ஒரே பகலில் பதினாறு கிணறுகளில் தண்ணீர் குடித்த சுகாதாரக் கல்வி உத்தியோகத்தர் மன்னார்த் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இப்போதும் தலைமன்னார்ப் பக்கம் ஏதாவது கலியாண வீட்டுக்குப் போனால் யாராவது ஒருவர் ஒரு செம்பு தண்ணீரை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பேன்.

புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் சரியாகச் செய்தவற்றைப் பற்றி எழுதினால் உங்களுக்கு நித்திரை வந்துவிடும். எனக்கும்தான். ஆகவே, என் சேவைக் காலத்தில் நான் விட்ட மிகப் பெரிய பிழையைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்று எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. நடந்த அன்று காலை மட்டும் வரவில்லை.

தலைமன்னாருக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கரையோரக் கிராமம் அது. பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் சாப்பாடு போடும் வீடுகள் இருக்கின்றன. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓயாத காலம், மாரி தொடங்கச் சில கிழமைகள் இருந்தன. திடீரென்று அடுத்தடுத்த வீடுகளில் டெங்குக் காய்ச்சல். ஒரு தாயும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வார்டில் படுத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் வீடு வீடாகத் தேடிப் பார்த்ததில், சிரட்டை, டயர் எல்லாவற்றையும் விடக் கிணறுகளில்தான் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராத ஊர். குடிப்பதும் சமைப்பதும் கிணற்றுத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரில் மருந்து ஊற்ற எங்களுக்கும் மனமில்லை. குடம்பிகளைத் தின்னும் சின்னஞ்சிறு கப்பி மீன்களைக் கிணறுகளில் விடுவதென்று முடிவாயிற்று. அதை ஊருக்கு அறிவிப்பது என் பொறுப்பு.

நான் அறிவித்தல் எழுதுவதில் பெயரெடுத்தவள். அப்படித்தான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கந்தோர்க் கதிரையில் சாய்ந்திருந்து, ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுதிவிட்டேன். “பொதுமக்களின் கவனத்துக்கு. உங்கள் கிணறுகளில் நுளம்புக் குடம்பிகளை உண்ணும் மீன்கள் விடப்பட்டுள்ளன. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பயப்பட வேண்டாம்.” இதைவிடத் தெளிவாக யாரால் எழுத முடியும்?

அந்தக் கிராமத்துக்குப் பொறுப்பான குடும்பநல மருத்துவ மாது, ஊர்ப் பேச்சில் மிட்வைஃப், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். கடைசி வசனத்தில் விரலை வைத்தாள்.

“அக்கா, இந்தப் ‘பயப்பட வேண்டாம்’ எண்டதை எடுத்து விடுங்கோவன். இவ்வளவு நேரமும் அங்க ஒருத்தரும் பயப்படேல்ல.”

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே நான் அறிவித்தல் எழுதியவள் என்று நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது, சம்மதம் இருக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது தெரிய ஒரு நாள் எடுத்தது.

மீன் விட்டது ஒரு புதன்கிழமை காலை. ஆண்கள் கடலில், பெண்கள் பாதிப் பேர் கருவாடு காயப் போடும் வாடிகளில். எங்கள் ஆட்கள் பொலித்தீன் பைகளில் மீனைக் கொண்டுபோய், திறந்திருந்த வளவுகளுக்குள் போய், பதினாறு கிணறுகளில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பின்னேரம் நான் அறிவித்தலுடன் போனேன்.

ஆட்டோ செபமாலை என்பவனுடையது. கோயில் திருநாளுக்கும் செத்த வீட்டு அறிவித்தலுக்கும் அவனுடைய ஒலிபெருக்கிதான் அந்தப் பக்கம் முழுவதும் ஓடும். என் குரலை என் கைத்தொலைபேசியில் பதிந்து, அதை ஒலிபெருக்கியில் பொருத்தி, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். ஒலிபெருக்கி கூரையில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே இருந்தேன். எனக்கு ஆட்டோவுக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் கேட்டது. என் குரல் இவ்வளவு இனிமையானதா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இந்தத் தொழிலில் மிக ஆபத்தான கணம் அதுதான்.

கடைசி ஒழுங்கையில் ஒரு பெரிய கிடங்கு. ஆட்டோவின் முன்சில்லு அதற்குள் இறங்கி ஏறியது. ஒலிபெருக்கிக்குப் போகும் வயர் ஒரு செக்கன் விட்டுப் பிறகு தொட்டது. அவ்வளவுதான் நடந்தது. உள்ளே இருந்த நான் கிடங்கை உணர்ந்தேன், வேறெதையும் உணரவில்லை. வெளியே வேலியோரம் நின்றவர்களுக்குக் கேட்டது இது: “கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.”

ஒரு சொல்தான் விழுந்தது. விழக்கூடாத சொல்.

வேலியோரம் நின்றவர்களில் ஒருவர் திரேசம்மா. கருவாட்டு வாடி நடத்துகிறவர். கோயில் மணியைவிட அவர் குரலுக்கு அந்த ஊரில் மதிப்பு அதிகம். காலையில் யாரோ தெரியாத ஆட்கள் பையோடு வளவுக்குள் வந்து கிணற்றுக்குள் எதையோ ஊற்றியதாக அவருக்கு ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. பின்னேரம் சுகாதாரப் பகுதியின் ஆட்டோ வந்து குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறது. அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், நான் அங்கே நின்றிருந்தாலும் அப்படித்தான் சேர்த்துப் பார்த்திருப்பேன். இருட்டுவதற்கு முன் திரேசம்மா தன் கிணற்றைப் பலகை போட்டு மூடினார். அதைப் பார்த்து, அறிவித்தலைச் சரியாகக் கேட்ட ஒழுங்கைகளும் சேர்ந்து, ஊர் மூடியது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மிட்வைஃப் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். ஊரில் ஒருவரும் தண்ணீர் அள்ளவில்லை என்றாள். கடையில் இருந்த சோடாவும் தண்ணீர்ப் போத்தலும் முதல் நாளே முடிந்துவிட்டன. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிள்ளைகள் சிலர் மாடு படுக்கிற குட்டையில் போய்க் குடிக்கிறார்கள். திரேசம்மாவின் மருமகள் டிலானி எட்டு மாதக் கர்ப்பிணி. நேற்றுப் பின்னேரத்திலிருந்து வாயில் ஒரு சொட்டு வைக்காமல், வெயிலில் கிளினிக்குக்கு நடந்து வந்து, வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். மிட்வைஃப் தன்னுடைய போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நேற்று மைக்கில என்ன போட்டனீங்கள்?” என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். ஊருக்குக் கேட்டது என்ன என்று அவள் சொன்னதும், கடைசி ஒழுங்கைக் கிடங்கும் செபமாலையின் தளர்ந்த வயரும் எனக்கு நினைவுக்கு வந்தன.

எங்கள் வைத்திய அதிகாரி நிதானமான மனிதர். விடயத்தைச் சொன்னதும், உடனே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்ச் சரியான அறிவித்தலைப் போடும்படி சொன்னார். அதுதான் எனக்கும் தோன்றியது. தாளை எடுத்து, “முன்னர் செய்த அறிவித்தலில் ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறோம்” என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். போகும் வழியில் தொலைபேசியில் மிட்வைஃபுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முடிக்க விடவில்லை.

“வேண்டாம் அக்கா. நேற்றுக் குடிக்க வேண்டாம் எண்ட அதே ஆட்டோ இண்டைக்குக் குடியுங்கோ எண்டால், எதை நம்புறது? மைக்கை அங்கயே வைச்சிட்டு நீங்கள் வாங்கோ. ஆளா வாங்கோ.”

இந்தத் தடவை நான் அவளுடைய வயதைக் கணக்குப் பார்க்கவில்லை. பாதி வழியில் செபமாலையை நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கியைக் கழற்றி ஆசனத்துக்குப் பின்னால் போட வைத்தேன். டொக்டருக்கும் அறிவித்தேன். உங்களுக்குச் சரி என்றால் சரி, ஆனால் மத்தியானத்துக்குள் ஊர் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நானே வருவேன் என்றார்.

கிளினிக்கில் டிலானி கண் திறந்திருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அவளுடைய தாய் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைவாக இருப்பதாக மிட்வைஃப் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். தாயையும் மகளையும் செபமாலையின் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆட்டோ திரும்பி மறையும் வரை நின்றேன். என் ஒரு வசனம் அந்தப் பெண்ணை விழுத்தியிருந்தது. மிட்வைஃப் என் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் திரேசம்மா வீட்டுக்கு நடந்தோம்.

திரேசம்மா கிணற்றுக்குப் பக்கத்திலேயே நின்றார், பலகையின் மேல் ஒரு கையை வைத்தபடி. ஊர்ச் சனம் வேலி நிறைய நின்றது. நான் எந்தப் பீடிகையும் போடவில்லை. பிழை என்னுடையது, வயர் விட்டதில் ஒரு சொல் விழுந்துவிட்டது, நான் இறங்கி நின்று கேட்டுப் பார்க்கவில்லை, கிணற்றில் விட்டது மீன்தான் என்றேன். திரேசம்மா பலகையைத் தூக்கினார். வாளியை இறக்கி ஒரு வாளி அள்ளினார். செம்பில் வார்த்து என்னிடம் நீட்டினார்.

“அப்ப குடியுங்கோ, பாப்பம்.”

இங்கேதான் எனக்கு இக்கட்டு. இந்த ஊரிலேயே எத்தனையோ தடவை நின்று, கொதித்தாறிய நீரை மட்டும் குடியுங்கள் என்று படிப்பித்தவள் நான். இப்போது கொதிக்க வைத்துக் குடித்தால், கொதிக்க வைத்தால்தான் நஞ்சு போகுமாம் என்று ஊர் சொல்லும். குடிக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. யோசிக்க எனக்குக் கிடைத்த நேரம் அந்தச் செம்பு அவருடைய கையிலிருந்து என் கைக்கு வரும் நேரம்தான். அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். மிட்வைஃப் என் காதருகில் வந்தாள்.

“கொதிக்க வைக்காத தண்ணி, அக்கா.”

“தெரியும்.”

“நாளைக்கு லீவு போடுங்கோ.”

நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வயிற்றில் ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம், கெட்டித்தனம் அல்ல. ஆனால் ஒரு விதியை உடைக்கும்போது எந்த விதியை, எதற்காக உடைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அன்று எனக்கு அது தெரிந்திருந்தது.

செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். திரேசம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானும் ஒரு செம்பு வார்த்துக் குடித்தார். அவருக்கு எவ்வளவு தாகம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது செம்பையும் குடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மருமகளை நினைத்திருப்பார். பிள்ளைகள் வாளியைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்கு உயிர் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கேட்டாள், அவவின் கிணற்றில் குடித்தீர்கள், எங்கள் கிணற்றில் ஏன் குடிக்கவில்லை, எங்கள் கிணற்றில் ஏதாவது இருக்கிறதா என்று. நியாயமான கேள்வி. அங்கே போய்க் குடித்தேன். மூன்றாவது வீட்டுக்காரர் தன் படலை வாசலில் ஏற்கெனவே தண்ணீர்ப் பேணியோடு நின்றார். நான்காவது வீட்டில் தண்ணீரோடு ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தது. ஒரு மிடறு போதும் என்று ஐந்தாவது வீட்டில் சொல்லிப் பார்த்தேன். திரேசம்மா வீட்டில் முழுச் செம்பு குடித்தது ஊருக்கே தெரியும், எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மிடறா என்று அந்த வீட்டுக் கிழவர் மனம் நொந்து கேட்டார். முழுப் பேணியையும் குடித்தேன்.

ஏழாவது வீட்டுக்குப் போகும்போது பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. யாருடைய கிணறு இனிப்பு, யாருடையது உப்புச் சவர் என்று வழியெல்லாம் வாக்குவாதம். இரண்டு சகோதரிகள் தங்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரேயடியாக நீட்டி, எது நல்லது, நீங்கள் படித்த ஆள், சொல்லுங்கள் என்றார்கள். அப்படி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தால் இன்று வரை அந்த இரு வீடும் பேசிக்கொண்டிருக்காது. எனக்கு நாக்கு மரத்துப் போய்விட்டது என்றேன். பொய்யில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நேற்றிரவு முழுவதும் பயந்து கிடந்த ஊர். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கும் தலை கிறுகிறுத்தது. தண்ணீராலா, சந்தோஷத்தாலா என்று தெரியவில்லை.

பதினோராவது கிணற்றடியில் மிட்வைஃபின் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டிலானியின் தாய். சேலைன் ஏற்றியிருக்கிறார்கள், பிள்ளை நன்றாகத் துடிக்கிறது, டிலானி பசிக்கிறது என்று சாப்பாடு கேட்கிறாளாம். மிட்வைஃப் அதை உரத்துச் சொன்னாள். திரேசம்மா அந்த இடத்திலேயே மணலில் இருந்துவிட்டார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வாங்கோ, இன்னும் ஐந்து வீடு இருக்கு என்று தானே முன்னால் நடந்தார்.

பதினாறாவது கிணற்றில் குடித்து முடித்தபோது என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வயிறு குடம் மாதிரி. அதைவிட அவசரமான இன்னொரு விடயம் இருந்தது. வெளிக்களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. திரேசம்மாவின் வீட்டுக் கழிப்பறைக்கு ஓடுவதற்காகத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து வழியை மறித்துக்கொண்டு சூசை சம்மாட்டி வந்தார்.

மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர் அவர், மீனவர் சங்கத் தலைவர். கடலால் வந்து, கதையைக் கேள்விப்பட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்திருந்தார். முதல் நாள் அவருடைய வளவுக் கதவு பூட்டியிருந்ததால் எங்கள் ஆட்கள் அவர் கிணற்றில் மீன் விடவில்லை. அது அவருக்குத் தெரியாது. தன்னுடைய கிணற்றிலும் மிஸ், அதாவது நான், குடிக்க வேண்டும் என்றார். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு சொட்டுக்கூட இறங்காது. இறங்கினால் அங்கேயே மானம் போய்விடும். தப்பிப்பதற்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஐயா, உங்கட கிணத்தில மீன் இல்லையே.”

சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் கழிப்பறைக்குள் இருந்த அந்தச் சில நிமிடங்களில் வெளியே உலகம் தலைகீழாக மாறிவிட்டது. மிஸ் மீன் இல்லாத கிணற்றில் குடிக்க மாட்டாவாம் என்று ஒரு குரல். மீன் இருந்தால்தான் தண்ணீர் சுத்தமாம் என்று இன்னொரு குரல். அதே சமயம் சொன்ன சொல் தவறாமல் டொக்டரின் வாகனமும் வந்து நின்றது. அவர் இறங்கியதும் கேட்ட முதல் முறைப்பாடு, ஊரில் நஞ்சு கலந்தது பற்றியல்ல, சூசை சம்மாட்டிக்கு மீன் கொடுக்காமல் விட்டது பற்றி. நான் வெளியே வந்தபோது டொக்டர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். மிஸ் எங்கே என்றதற்கு, பத்துப் பேர் ஒன்றாகக் கழிப்பறைக் கதவைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

மீன் இல்லாத கிணறும் நஞ்சில்லை, மீன் நுளம்பைத் தடுக்கத்தான் என்று நான் அந்த இடத்திலேயே நின்று விளக்கினேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் தங்களுக்கு மீன் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. டொக்டர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். முகம் கடுமையாக இருந்தது. வாய் மட்டும் துடித்தது.

“இதைத் திருத்திறன் எண்டு திரும்பவும் மைக்கைத் தூக்கிப் போடாதேங்கோ” என்றார். பிறகு வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். கண்ணாடி மூடியிருந்தும் சத்தம் கேட்டது.

இரண்டு நாளில் நான் அந்த ஊருக்கு இரண்டு தவறான செய்திகளைச் சொல்லியிருந்தேன். ஒன்று ஒரு கர்ப்பிணியை விழுத்தியது. மற்றது ஊர் முழுக்க நுளம்பை ஒழிக்க வழி செய்தது. இரண்டாவதற்குப் பாராட்டு வந்தபோது நான் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் முதலாவதை வெறும் விபத்து என்று என் மனமே எனக்குச் சொல்லத் தொடங்கியிருக்கும். அறிக்கையில் இரண்டையும் எழுதினேன், எழுதியதை அனுப்புமுன் மிட்வைஃபிடம் கொடுத்தேன். அவள் ஒரு சொல்லை வெட்டினாள். ஏன் என்று கேட்டேன், விளக்கினாள், வெட்டியபடியே விட்டுவிட்டேன். நீங்கள் புதியவர்கள் என்பதால் உங்களுடைய சொல்லை யாராவது தட்டிவிட்டால், சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் ஒரு தடவை சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆட்களுக்கு ஒரு தடவை போதாது.

டிலானிக்கு அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. வார்டில் இருந்த தாயும் பிள்ளைகளும் வீடு திரும்பினார்கள். அந்த மாரியில் அந்த ஊரிலிருந்து புதிதாக ஒருவரும் டெங்கு என்று வரவில்லை. மீன் மட்டும் காரணமில்லை, தங்கள் கிணற்றைப் பார்க்க வந்த சனம் வளவையும் பார்த்துச் சிரட்டைகளைப் பொறுக்கியதுதான் பெரிய காரணம்.

ஆனால் நான் இன்னும் மறக்காமல் வைத்திருப்பது பதினாறு கிணற்றில் குடித்ததற்கு மறுநாள் காலையை. கந்தோர் திறக்குமுன்பே வாசலில் ஆட்கள் நின்றார்கள், மீனுக்கு. ஆளுயரத் திருக்கையும் அறுக்குளாவும் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மனிதர்கள், அரை விரல் நீளக் கப்பி மீனுக்காகப் பொலித்தீன் பையோடு வரிசையில் நின்றார்கள். முதலாவதாகச் சூசை சம்மாட்டி. அவருக்கு ஐந்து மீன் கொடுத்தோம். பையை வெயிலில் பிடித்துப் பார்த்து, இரண்டு சின்னதாக இருக்கிறது என்று மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தோம்.

பையை ஒரு கையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். தண்ணீர் தளம்பக்கூடாது என்று நடக்கிற வேகத்தில் தலைமன்னார் வீதியில் போனார். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டே போனது. அவர் விலகவில்லை. சாரதி கடைசியில் களைத்துப்போய் ஹோனை விட்டுவிட்டு, சம்மாட்டிக்குப் பின்னால் அதே வேகத்தில் பஸ்ஸை உருட்டிக்கொண்டு போனார்.